தெற்கே நகர்ந்த தூண்

சென்ற வாரம் வடலூரில் ஒரு கல்யாணம். சென்னையிலிருந்து காரில் போனோம். ஓட்டுநர் கண்ணாடிக்குக் கீழே செருகியிருந்த போனில் எங்கள் வண்டி ஒரு நீலப் புள்ளியாக ஊர்ந்துகொண்டிருந்தது. காடாம்புலியூர் தாண்டியதும் அந்தப் புள்ளி சாலையை விட்டு மெல்ல இறங்கி, ஒரு முந்திரித் தோப்புக்குள் நுழைந்து, சிறிது நேரம் தனியாக நடந்துவிட்டு, ஒன்றும் நடக்காததுபோல் சாலைக்குத் திரும்பியது.

"இன்னாம்மா இது, ரோட்டுல போய்க்கினு இருக்கிறவங்களத் தோப்புல தள்ளிடுச்சு" என்றார் ஓட்டுநர்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பின்னாலிருந்த என் மகள், "என்னம்மா?" என்று கேட்டாள். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். நீ இறந்துபோய் ஒரு மாதம்தான் ஆகிறது. அந்தச் சிரிப்பை வேறு யாரிடம் கொண்டுபோய்க் கொடுப்பேன்?

நெய்வேலி ஆர்ச் கேட்டைக் கடக்கும்போது மழைத் தூறல். ஈரக் காற்றில் பழுப்பு நிலக்கரியின் அந்தப் புளித்த வாசனை வந்தது. கண்ணை மூடிக்கொண்டேன். உன் சைக்கிள் மணி கேட்டதுபோல் இருந்தது.

எண்பதுகளின் தொடக்கம். சுரங்கத்தின் நில அளவைப் பிரிவில் பெண்கள் என்று இருந்தது நீயும் நானும்தான். நீ கருவிகளைப் பார்த்துக்கொள்ளும் இன்ஜினியர். நான் கணக்குப் போடுகிறவள். நீ திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்திருந்தாய், நான் ஈரோட்டுப் பக்கத்திலிருந்து. ஒரே பிளாக்கில் மாடியில் உன் குவார்ட்டர்ஸ், கீழே என்னுடையது. முதல் வாரம் 'மேடம்' என்று கூப்பிட்டாய். இரண்டாவது வாரம் என் ரசத்தைக் குடித்துவிட்டு, "ஏட்டி, இது ரசமா வெந்நீரா?" என்றாய். அதற்குப் பிறகு நான் உனக்கு 'ஏட்டி'தான், நீ எனக்கு 'ஏம்புள்ள'தான்.

அந்தப் பெட்டி நம்மிடம் வந்த நாள் நினைவிருக்கிறதா? தகரப் பெட்டிபோல் சாம்பல் நிறம், தூக்க இரண்டு ஆள் வேண்டும். கடலில் போகும் கப்பல்கள் தாம் இருக்குமிடத்தைத் தெரிந்துகொள்வதற்காக வெளிநாட்டவர் ஏவியிருந்த செயற்கைக்கோள்களின் குரலை அது கேட்கும். அவை துருவத்துக்குத் துருவம் ஓடிக்கொண்டே, 'இப்போது மணி இது, நான் இருப்பது இங்கே' என்று விடாமல் சொல்லிக்கொண்டு போகும். அதைக் கேட்டு, கேட்கும் இடம் பூமியில் எங்கே இருக்கிறது என்று பெட்டி கணக்குப் போட்டு அச்சடித்துத் தரும். கப்பலுக்கு உதவுவது நிலத்துக்கும் உதவும் என்று நமக்கும் ஒன்று வாங்கியிருந்தார்கள்.

பெட்டியோடு ஒரு ஒலிபெருக்கியும் இருந்தது. செயற்கைக்கோள் அடிவானத்தில் ஏறும்போது ஒரு ஊதல் கேட்கும். எதிரே வரும் ரயிலின் சத்தம் நம்மைத் தாண்டியதும் இறங்கிப்போகுமே, அப்படி அந்த ஊதல் மெல்ல மெல்லத் தாழ்ந்து, கரகரத்து, மறையும். வேலை அதைக் கேட்பதல்ல. ஆனாலும் நீ கண்ணை மூடிக்கொண்டு கேட்பாய்.

"இப்ப கடல் மேல வருது. இப்ப கன்னியாகுமரி. இந்தா, இப்ப எங்க அம்மா கொல்லையில துணி காயப்போட்டுட்டு நிப்பா. அவ தலைக்கு மேல போகுது."

"உங்கம்மாவுக்குத் தெரியுமா, ஏம்புள்ள?"

"அவளுக்குக் காக்கா போறது தெரியும்" என்பாய்.

உன் அம்மாவின் வீட்டைத் தொட்டுவிட்டு ஒரு சத்தம் சில நிமிடங்களில் நம்மிடம் வந்துவிடுகிறது என்பதில் உனக்கு ஒரு மயக்கம் இருந்தது. எனக்கும் தொற்றிக்கொண்டது. வேலை நேரத்தில் நாம் இருவரும் வானத்தைப் பார்த்தபடி நிற்பதைக் கண்டு மற்றவர்கள் சிரித்தார்கள்.

சுரங்கத்தின் வடக்கு விளிம்பில் ஒரு சிமெண்டுத் தூண் இருந்தது. அதன் மேல் ஏரியலை நட்டு, தூண் இருந்த இடத்திலேயே இருக்கிறதா என்று அவ்வப்போது அளப்பது நம் பொறுப்பு. தூணுக்குத் தெற்கே ஆழமான பள்ளம். வடக்கே சற்றுத் தள்ளி ஒரு சிறு குடியிருப்பு. பரம்பரையாக அந்தப் பக்கத்து வயல்களில் கூலி வேலை செய்தவர்கள். வயல் போன பிறகு சுரங்கத்தில் காண்ட்ராக்ட் வேலைக்கு வந்துகொண்டிருந்தார்கள். நம் அலுவலகத்தைப் பெருக்கிய அஞ்சலையின் வீடும் அங்கேதான்.

ஒரு வருடம் புரட்டாசியில் இடி விழுந்து பெட்டி பழுதானது. சென்னைக்கு அனுப்பினார்கள். உள்ளே ஒரு போர்டை மாற்றி யாரோ சரிசெய்து திருப்பி அனுப்பினார்கள். மறுபடி தூணில் ஏரியலை வைத்தோம். தூண் ஓர் எட்டு வைக்கும் தூரம் தெற்கே, பள்ளத்தை நோக்கி நகர்ந்திருப்பதாகப் பெட்டி சொன்னது. அடுத்த நாள் இன்னும் கொஞ்சம்.

மழைக்காலம் வேறு. பள்ளத்துக்கு அடியில் நிலத்தடி நீர் முட்டிக்கொண்டு நிற்கும் பூமி அது. நம் பெரிய அதிகாரி கெட்டவரில்லை. முன்பு எங்கோ வேறொரு சுரங்கத்தில், மண் சரிந்து ஆட்கள் புதைந்ததைக் கண்ணால் பார்த்தவர். அளவுத் தாளைப் பார்த்ததும் அவர் முகம் வெளிறியது எனக்கு இன்னும் தெரிகிறது.

"விரிசல் எதுவும் காணோமே சார்" என்றேன்.

"மழையில நனைஞ்ச மண்ணும்மா. விரிசல் மூடிட்டே வரும். கண்ணுக்குத் தெரியட்டும்னு காத்திருந்தா, ஓட நேரம் இருக்காது."

விளிம்பைச் சீவிச் சாய்வாக்க வேண்டும், அதற்குக் குடியிருப்பை அப்புறப்படுத்த வேண்டும் என்று அன்றே முடிவானது. தீபாவளிக்கு மறுநாள் புல்டோசர் வரும். அந்த மக்கள் எங்கே போவார்கள் என்பதற்கு யாரிடமும் தெளிவான பதில் இல்லை. தார்ப்பாய் தருவதாகச் சொன்னார்கள்.

மறுநாள் காலை அஞ்சலை துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு உன் மேசை முன் வந்து நின்றாள்.

"எங்க வூட்ட இடிச்சிடப் போறாங்களாம். மெய்யாங்கம்மா?"

நீ அளவுத் தாளை எடுத்து மறுபடி பார்த்தாய். மத்தியானம் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து மூடினாய். பிறகு என்னிடம் கேட்டாய்.

"ஏட்டி, தூணு நகந்துருக்குன்னு நமக்கு எப்படித் தெரியும்?"

"பெட்டி சொல்லுச்சு."

"பெட்டி சரியா சொல்லுதுன்னு யாரு சொன்னா?"

எனக்கு விளங்கவில்லை. நீ டப்பாவைத் தள்ளிவைத்துவிட்டு, மேசைமேல் விரலால் ஒரு கோடு போட்டாய்.

"கும்பகோணத்து பஸ் வடலூர் தாண்டி நம்ம ஆர்ச் கேட்டுக்கு வருது. உன் வாச்சு கொஞ்சம் பிந்தி ஓடுது, அது உனக்குத் தெரியாது. கண்ணு கட்டியிருக்கு, பஸ்ஸு சத்தம் மட்டும் கேக்குது. நீ வாச்சப் பாக்குத. அந்த மணிக்கு பஸ் வடலூர்லதான் இருக்கணும். அப்ப நீ எங்க நிக்கதா நெனப்ப?"

"வடலூர்ல."

"தெக்க. நீ ஒரு அடிகூட நகரல. உன் வாச்சு உன்னத் தெக்க தூக்கிட்டுப் போயிட்டு."

இடி விழுந்த பிறகு மாற்றிய போர்டில், மணி சொல்லும் சத்தம் உள்ளே நுழைந்து வெளியே வர வழக்கத்தைவிடக் கொஞ்சம் அதிக நேரம் எடுக்கலாம், அதனால் பெட்டியின் கடிகாரம் பிந்திவிடலாம் என்பது உன் சந்தேகம். ஒரு நொடியைப் பத்தாயிரமாக நறுக்கினால் கிடைக்கும் ஒரு துண்டு தாமதம் போதும். அதற்குள் செயற்கைக்கோள் வானத்தில் ஓர் எட்டு ஓடிவிடுகிறது. பகல் ஷிஃப்ட்டில் நமக்குக் கிடைத்தவை எல்லாம் தெற்கிலிருந்து வடக்கே போகிறவை. அதனால் பெட்டி தூணைத் தெற்கே தள்ளி எழுதுகிறது.

"அப்ப வடக்கேருந்து வர்ற பஸ்ஸப் புடிச்சா?" என்றேன்.

நீ என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! "அப்ப காடாம்புலியூர்ல நிக்கதா நெனப்பேன். ஏட்டி, நீ ரசம் வைக்கத்தான் லாயக்கில்ல."

முதலில் திருவதிகைக்குப் போனோம். கெடிலத்துக்குப் பக்கத்தில், வயல் மேட்டில் நம் இன்னொரு தூண் இருந்தது. சுற்றுவட்டாரத்தில் பள்ளம் கிடையாது, சுரங்கம் கிடையாது. நெல்வயலில் தவளைகள் கத்திக்கொண்டிருந்தன. செயற்கைக்கோள் வந்தது, ஊதியது, இறங்கிப் போனது. பெட்டி தாளைத் துப்பியது. அந்தத் தூணும் தெற்கே நகர்ந்திருந்தது.

நான் கைதட்டினேன். நீ ஜீப்பின் படியில் உட்கார்ந்துவிட்டாய்.

"பெட்டியில தப்பு இருக்கு, சரி. மண்ணும் நகந்திருந்தா? ரெண்டும் சேந்து இருக்கலாம்லா?"

பெட்டியின் தாமதம் நாளுக்கு நாள் மாறிக்கொண்டிருந்ததால் இங்கே கிடைத்த அளவை அங்கே கழிக்கவும் முடியாது. ஒரே வழிதான் இருந்தது. விளிம்புத் தூணிலேயே, வடக்கிலிருந்து தெற்கே போகிறவற்றையும் பிடிக்க வேண்டும். தாமதம் மட்டும்தான் காரணம் என்றால் அவை தூணை அதே அளவு வடக்கே தள்ளும். இரண்டுக்கும் நடுப்புள்ளி பழைய இடத்தில் விழும். மண்ணும் நகர்ந்திருந்தால் நடுப்புள்ளி தெற்கே விழும். அந்த மாதத்தில் அவை விடிவதற்குச் சற்று முன் வந்துகொண்டிருந்தன. நீ தீபாவளிக்கு ஊருக்குப் போக லீவு வாங்கியிருந்தாய். உன் அம்மா உனக்காகப் புடவை எடுத்து வைத்திருந்தாள்.

அதிகாரியின் அறையில் நீ பேசியதை நான் கதவுக்கு வெளியே நின்று கேட்டேன்.

"ஒரு சந்தேகத்த வச்சுக்கிட்டு அத்தனை உயிரோட விளையாடச் சொல்றியாம்மா?"

"இல்ல சார். ஆளுங்க இன்னைக்கே வெளிய வரட்டும். நானே போய்ச் சொல்லுதேன். வீட்ட மட்டும் தொடாதீங்க. தீபாவளிக்கு மறுநாள் வரைக்கும்."

"அதுக்குள்ள உன் கணக்கு வரலன்னா?"

"வரலன்னா நீங்க சொன்னபடி செய்யுங்க. நான் வாயத் திறக்க மாட்டேன்."

அவர் நாற்காலியைப் பின்னால் தள்ளும் சத்தம் கேட்டது. பிறகு, "சரி" என்றார்.

அன்று மாலை நாம் குடியிருப்புக்குப் போனோம். அஞ்சலை வாசலில் கேழ்வரகு புடைத்துக்கொண்டிருந்தாள். நீ குத்துக்காலிட்டு அவள் எதிரே உட்கார்ந்து, தீபாவளி வரை எல்லோரும் பள்ளிக்கூடத்தில் தங்கலாம் என்றாய்.

"பள்ளிக்கூடத்துல போய்ப் படுக்கச் சொல்றீங்க. கோயி கீது, ஆடு கீது, அதெல்லாம் இன்னா பண்றது? மண்ணு சரிஞ்சா சரியட்டும்மா. வூட்ட வுட்டுட்டுப் போனா, நாங்க திரும்பி வரப்ப வூடு இருக்குமா?"

"இருக்கும்."

"நீங்க சொல்லிட்டா போதுமா?"

"போதாது. ஆனா நான் சொல்லுதேன். விடியக்காலையில நாங்க ரெண்டு பேரும் அந்தத் தூணுகிட்டதான் உக்காந்திருப்போம். இடிக்க வந்தா எங்களத் தாண்டித்தான் வரணும்."

அஞ்சலை முறத்தைக் கீழே வைத்துவிட்டு உன்னை ஏற இறங்கப் பார்த்தாள். "மண்ணு சரிஞ்சா?"

"சரிஞ்சா எங்களோட போகட்டும். நீங்க பிள்ளைகளக் கூட்டிட்டுப் போங்க."

அன்றே எல்லோரும் பாய் படுக்கையோடு பள்ளிக்கூடத்துக்குப் போனார்கள். ஆடுகளும் போயின.

அந்த விடியல்களை நான் என்னவென்று எழுதுவேன்! ஜீப்பை விளிம்பிலிருந்து விலக்கி நிறுத்தி, கேபிளை நீட்டி, சாக்குப்பையைத் தலையில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். பள்ளம் முழுக்க மூடுபனி. அதற்கடியில் மண் வெட்டும் ராட்சத இயந்திரத்தின் விளக்குகள், நீருக்குள் போகும் கப்பலின் விளக்குகள் மாதிரி மெல்ல நகர்ந்தன. கன்வேயர் பெல்ட்டின் இரைச்சல் கடல்போல் கேட்டது. நாம் இருப்பது நெய்வேலியா, ஏதோ கடற்கரையா என்று எனக்கு மயக்கமாக இருந்தது. காலடி மண் லேசாக நெகிழ்கிறதோ என்று ஒவ்வொரு முறையும் தோன்றும். நீ என் கையைப் பிடித்துக்கொள்வாய். யாருக்குப் பயம் என்று பிடியில் தெரியாது.

ஊதல் வரும். இம்முறை வடக்கிலிருந்து.

"இது எங்க ஊருக்குப் போகுது ட்டி" என்றாய் முதல் நாள்.

முதல் நாள் மழையில் ஏரியல் நனைந்து ஒன்றும் தேறவில்லை. மறுநாள் கிடைத்தது ஒன்றே ஒன்று. அதை வைத்து எதுவும் சொல்ல முடியாது. மூன்றாவது நாள் தீபாவளி. டவுன்ஷிப் பக்கம் வெடிச்சத்தம் தொடங்கிவிட்டது. ஒவ்வொரு பிளாக்கிலும் எண்ணெய்க் குளியல் நடந்துகொண்டிருக்கும். என் வீட்டுக்காரர் ஷிஃப்ட் முடிந்து வந்து, குழந்தையைத் தானே குளிப்பாட்டிக்கொண்டிருந்தார். பள்ளிக்கூடத் திசையில் ஒற்றை மத்தாப்பு எரிந்து அணைந்தது.

வானம் அன்று தெளிந்திருந்தது. ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு செயற்கைக்கோள்கள் வந்தன. சுத்தமான ஊதல், நடுவில் ஒரு தடங்கல்கூட இல்லை. பெட்டி தாளைத் துப்பியது. டார்ச் வெளிச்சத்தில் நான் எண்களைப் படிக்கப் படிக்க, நீ உன் உள்ளங்கையில் விரலால் குறித்துக்கொண்டே வந்தாய். விரல் நின்றது.

"இன்னொருக்கப் படி."

படித்தேன். தூண் வடக்கே நகர்ந்திருந்தது. பள்ளத்தை விட்டு எதிர்ப்பக்கமாக, மேட்டில் ஏறி, ஓர் எட்டு.

"மண்ணு மேட்டுப் பக்கம் சரியுமாட்டி?" என்றாய்.

விடிந்தும் விடியாததுமாக ஜீப்பின் பானெட் மேல் தாளை விரித்து நான் கணக்குப் போட்டேன். முந்தின பகலில் தெற்கே காட்டியவை, அந்த விடியலில் வடக்கே காட்டியவை, இரண்டுக்கும் நடுவில். மூன்று முறை போட்டேன். நடுப்புள்ளி, இடி விழுவதற்கு முன்பிருந்த அதே இடத்தில் வந்து நின்றது. தூண் அசையவே இல்லை. நீ பானெட்டில் தலையைச் சாய்த்துக்கொண்டாய். அழுதாயா தூங்கினாயா என்று நான் கேட்கவில்லை.

நேராக அதிகாரி வீட்டுக்குப் போனோம். தீபாவளி வேட்டியோடு வாசலுக்கு வந்தார். பஸ் கதையை நீ அவருக்கும் சொன்னாய். அவர் தாளைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தார். "பகல் கணக்கு ஒரு பக்கம் இழுக்குது, விடியக்காலம் மறுபக்கம் இழுக்குது" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். உள்ளே போய் போன் செய்தார். திரும்பி வந்து, "ரெண்டு பேரும் எண்ணெய் தேய்ச்சுக் குளிச்சீங்களா?" என்று கேட்டார். அவர் மனைவி நமக்கு அதிரசம் கொடுத்தார்.

பள்ளிக்கூடத்தில் அஞ்சலை, "அப்ப வூட்டுக்குப் போலாமா?" என்று மட்டும் கேட்டாள். போகலாம் என்றாய். அவள் பாயைச் சுருட்டியபடியே, "மேல போய்க்கினு இருக்கறதுக்கு எங்க வூடு தெரியுதா?" என்றாள். "தெரியாது அஞ்சலை. அதுக்கு மணி மட்டுந்தான் தெரியும்" என்றாய்.

அதன்பிறகு நம் வேலை முறை மாறியது. வடக்கே போவது எத்தனையோ அத்தனை தெற்கே போவதையும் பிடித்தே எந்த முடிவுக்கும் வருவது என்று அதிகாரியே உத்தரவு போட்டார். உன் அம்மாதான் பொங்கல் வரை உன்னோடு சரியாகப் பேசவில்லை.

சில வருடங்கள் கழித்துச் சுரங்கம் வளர்ந்து, அந்தக் குடியிருப்பும் போனது. ஆனால் கோடையில் போனது. மாற்று மனை கொடுத்த பிறகு போனது. வாசல் நிலையைக்கூடப் பெயர்த்து வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். நாம் சாலையோரம் நின்று பார்த்தோம். "நாம எதையும் நிறுத்தல ட்டி. கொஞ்சம் தள்ளி வச்சோம்" என்றாய். அதே வருடம் உன் அம்மாவைப் பார்த்துக்கொள்ள வேலையை விட்டு ஊருக்குப் போனாய். கடிதங்கள் போனாக மாறி, போன் வருடத்துக்கு ஒரு முறையாகி, அதுவும் குறைந்து, கடைசியில் உன் தம்பி மகன் கூப்பிட்டுத்தான் நீ படுத்த படுக்கையாக இருப்பது எனக்குத் தெரிந்தது.

பாளையங்கோட்டையில் உன் கட்டிலருகே உட்கார்ந்திருந்தபோது, உனக்கு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. பேச வேண்டாம் என்றேன். நீ எப்போது கேட்டிருக்கிறாய்?

"அந்தத் தீபாவளி..." என்றாய்.

"நீ சொன்னதுதானே சரியா இருந்துச்சு, ஏம்புள்ள. அத்தனை பேர் வீட்டக் காப்பாத்துன."

நீ தலையை அசைத்தாய். அது இல்லை என்பதுபோல.

"சரியா இருந்தது எனக்குப் பெரிசில்ல ட்டி. நான் தப்பா இருந்தாலும் அவங்க பள்ளிக்கூடத்துல இருந்தாங்கல்லா. அத நெனச்சாத்தான் எனக்கு இன்னைக்கும் தூக்கம் வருது."

அதுவரை அந்தக் கதையை நான் வேறு மாதிரிதான் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒரு பெட்டியின் தவறை நாம் கண்டுபிடித்த கதையாக. உன் கையைப் பிடித்துக்கொண்டேன். அன்று விளிம்பில் உட்கார்ந்திருந்தபோது உனக்கு எவ்வளவு பயமாக இருந்திருக்கும் என்று அப்போதுதான் புரிந்தது.

கல்யாணத்துக்குப் போய்விட்டு வந்த மறுநாள், எங்கள் அடுக்குமாடியின் பின்பக்க மதில் மழையில் உப்பியிருந்தது. அதை ஒட்டித்தான் வாட்ச்மேனின் அறை. பார்க்க வந்த இன்ஜினியர், பயமில்லை, சாரம் கட்டிப் பூசினால் போதும் என்றார். எனக்கும் அப்படித்தான் பட்டது, கிட்டத்தட்ட நிச்சயமாகவே. ஆனாலும் பூச்சு முடிகிற வரை வாட்ச்மேனையும் அவர் மனைவியையும் இரண்டு குழந்தைகளையும் எங்கள் ஹாலில் படுக்கச் சொன்னேன். மகள், "இன்ஜினியரே ஒண்ணுமில்லன்னு சொல்லிட்டாரேம்மா" என்று சிரித்தாள்.

மதில் விழவில்லை. குழந்தைகள் ஹாலில் குறுக்கும் நெடுக்குமாகப் படுத்து நன்றாகத் தூங்கின.